என் முகத்தைப் பார்த்து எழுந்து போன பெண்

லண்டனுக்கு வந்த புதிதில் ஊருக்குப் போன் செய்தால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை பிள்ளை மக்ளே?" என்பதுதான். நாகர்கோவிலில் நர்ஸிங் முடித்து, இங்கே வந்து மேலே படித்து மிட்வைஃப் ஆனவள் நான். பிரசவம் பார்ப்பது என் வேலை. ஆணா பெண்ணா, சுகப்பிரசவமா ஆபரேஷனா, தாய்க்குத் தெம்பு எப்படி என்று அம்மாவுக்கு எல்லாம் சொல்லியாக வேண்டும். நானும் சொல்லிவிடுவேன். 2016-ல் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் பல வருடங்கள் சொல்லவில்லை. காரணம், அன்று தப்பு செய்தது நான்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது 24 வயது. சோமாலியாவில் பிறந்தவர். கல்யாணமாகி லண்டன் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் கர்ப்பம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

இங்கே கர்ப்பம் உறுதியானதும் மிட்வைஃபிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த முதல் சந்திப்பில் கேள்விகள் சரமாரியாக வரும். சர்க்கரை உண்டா, பரம்பரை நோய் உண்டா, சிகரெட் பழக்கம் உண்டா, வீட்டில் அடி உதை உண்டா என்று ஒரு நீண்ட பட்டியல். அதில் ஒரு கேள்வி, 'உங்களுக்கு எஃப்.ஜி.எம். நடந்திருக்கிறதா?' என்பது. ஃபீமேல் ஜெனிட்டல் மியூட்டிலேஷன், அதாவது பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு.

அன்று போனில் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கத் தாமதமானது. வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். கூட வந்திருந்த கணவரின் அக்காவுக்கு நல்ல ஆங்கிலம் தெரிந்தது. உறவினரை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது விதி. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அவரையே கேட்க வைத்தேன். அவர் ஏதோ கேட்டார், இந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே ஒரு வார்த்தை சொன்னார். "நோ" என்றார் நாத்தனார். நானும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

நாத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் இதற்கெல்லாம் பதில் சொல்வாள்? நம் வீட்டில் சொல்வோமா?

22-வது வாரத்தில் தனியாக வந்தார். அடிவயிற்றில் வலி, லேசான காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, சாம்பிள் எடுத்துவர டாய்லெட்டுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. மயங்கி விழுந்துவிட்டாரோ என்று பயந்து கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. கால் மணி நேரம் கழித்து டப்பாவில் கால்வாசியோடு வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்று கட்டிலில் படுக்கச் சொன்னேன். போர்வையை விலக்கினேன்.

நர்ஸிங் படித்த காலத்திலும் சரி, இங்கே படித்தபோதும் சரி, படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் அதுதான் முதல் தடவை. என்னையறியாமல், "அய்யோ கடவுளே" என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என் கை ஒரு அடி பின்னால் போனது. நிமிர்ந்தால், அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. முகம் எல்லா மொழியும் பேசும்.

"ஒரு நிமிஷம், டாக்டரைக் கூப்பிடுறேன்" என்று சைகையில் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். டாக்டரோடு திரும்பி வந்தபோது கட்டில் காலி. போர்வை மட்டும் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

என்ன பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் இந்தச் சிதைப்பை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அதில் மூன்றாவது வகையில், வெளி உறுப்புகளை வெட்டி, இரண்டு பக்கத்தையும் சேர்த்து மூடிவிடுவார்கள். சிறுநீரும் மாதவிடாய் ரத்தமும் வெளியேற ஒரு சிறிய துளை மட்டும் விடப்படும். பெரும்பாலும் ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் இது நடக்கிறது. சோமாலியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 99 சதவிகிதம் பேர் ஏதோ ஒரு வகைச் சிதைப்புக்கு ஆளானவர்கள். உலகம் முழுக்க 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் என்று யுனிசெஃப் 2024-ல் கணக்குச் சொன்னது. இது எந்த ஒரு மதத்தின் வழக்கமும் இல்லை. முஸ்லிம்களிடமும் உண்டு, எகிப்து, எத்தியோப்பியாவில் கிறிஸ்தவர்களிடமும் உண்டு. இஸ்லாமுக்கும் முந்தைய பழக்கம்.

மூடியிருப்பதைச் சிகிச்சையில் திறந்துவிட முடியும். மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் காரியம். கர்ப்பிணியென்றால் 20 வாரத்தை ஒட்டிச் செய்துவிட்டால், பிரசவ நேரத்துப் பதற்றம் இருக்காது. அவர் வந்தது 22-வது வாரம். சரியான நேரத்தில்தான் வந்திருந்தார்.

அடுத்த மூன்று அப்பாயின்ட்மென்ட்டுக்கும் அவர் வரவில்லை. ஒவ்வொரு முறையும் 'நீங்கள் வரவில்லை, புதிய தேதி இது' என்று வீட்டுக்குக் கடிதம் போனது. ஆங்கிலத்தில். போனில் கூப்பிட்டால் நாத்தனார் எடுத்து, நன்றாக இருக்கிறாள் என்றார்.

கடைசியில் பிரசவ வலியோடு ஒரு ராத்திரி வந்து சேர்ந்தார். என் அதிர்ஷ்டமோ அவருடைய துரதிர்ஷ்டமோ, அன்று லேபர் வார்டில் எனக்கு நைட் ஷிப்ட். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

குழந்தையின் தலை இறங்கிவிட்டது. இனி திறந்தாக வேண்டும். டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார், அதுவும் பக்கத்தில் நின்று. போன் ஸ்பீக்கரில் மொழிபெயர்ப்பாளர். அது ஓர் ஆண் குரல். வேறு ஆள் கிடைக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஊசி போட்டு, திறந்து, அடுத்த இருபது நிமிடத்தில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. தாய்க்கு ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகம், ஆனால் சமாளித்துவிட்டோம்.

தையல் போட வேண்டிய நேரத்தில் டாக்டரின் கை தயங்கியது. காரணம் எனக்குப் புரிந்தது. லண்டனில் ஒரு இளம் டாக்டர், இதேபோல ஒரு பெண்ணுக்குப் பிரசவம் முடிந்தபிறகு ரத்தத்தை நிறுத்தப் போட்ட தையலுக்காக, 'மறுபடியும் மூடினார்' என்று குற்றம் சாட்டப்பட்டார். இங்கிலாந்தில் இந்தச் சட்டத்தின் கீழ் நடந்த முதல் வழக்கே அதுதான். 2015 பிப்ரவரியில் ஜூரி அரை மணி நேரத்துக்குள் அவரை விடுவித்துவிட்டது. ஆனால் அந்தப் பயம் லேபர் வார்டுகளை விட்டுப் போகவில்லை. இரண்டு ஓரங்களையும் தனித்தனியாகத் தைக்கலாம், ரத்தம் நிற்கும். இரண்டையும் சேர்த்துத் தைப்பது குற்றம். சீனியர் டாக்டர் போனில் வழிகாட்ட, ஒருவழியாக முடிந்தது.

அப்போதுதான் அவர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "பழையபடி மூடிவிடுவீர்கள்தானே?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளரே ஒரு கணம் தயங்கித்தான் சொன்னார்.

முடியாது, சட்டம் அனுமதிக்காது என்று சொன்னபோது அவர் அழுத அழுகை இருக்கிறதே. எனக்கு அன்று அது புரியவில்லை. வலியிலிருந்து விடுதலை கொடுத்திருக்கிறோம், இவர் ஏன் அழுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவருடைய உடம்பு அப்படித்தான் இருந்திருக்கிறது. சுத்தம், மானம், நல்ல குடும்பத்துப் பெண் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கணவர் என்ன சொல்வார், மாமியார் என்ன கேட்பார் என்று எதுவும் தெரியாது. ஒரு ராத்திரியில், தெரியாதவர்கள் மத்தியில் அது மாறிப்போய்விட்டது. கர்ப்பகாலத்திலேயே நாலு தடவை உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயம். பேசுவதற்கு அவர் வந்தார். நான்தான் துரத்திவிட்டேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. பிறந்தது பெண் குழந்தை. தாய்க்கு இது நடந்திருந்தால் மகளுக்கும் நடக்கக்கூடும் என்பதால், குழந்தைக்கு ஆபத்து இருக்கிறதா என்று நாங்கள் கணித்து எழுதியாக வேண்டும். இங்கிலாந்தில் 1985-லிருந்தே இது குற்றம். 2003-ல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். மகளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்ச் செய்தாலும் 14 வருடம் வரை சிறை. 2015 அக்டோபர் 31-லிருந்து, 18 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு இது நடந்திருப்பதைப் பார்த்தாலோ அவளே சொன்னாலோ டாக்டர், நர்ஸ், டீச்சர் யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தெரிவிப்பது கட்டாயம். வயதுவந்த பெண்களைப் பற்றிப் போலீஸில் சொல்ல வேண்டியதில்லை. இந்த வித்தியாசத்தை யார் அவருக்கு எடுத்துச் சொன்னது? ஒருவரும் இல்லை. பிரசவமான இரண்டாவது வாரம் வீட்டுக்குச் சமூகநலத் துறை ஊழியர் போய், குழந்தையைப் பற்றிக் கேள்வி கேட்டிருக்கிறார். 'ஆஸ்பத்திரியில் அந்த இந்தியப் பெண்தான் போலீஸில் சொல்லிவிட்டாள்' என்று அந்தத் தெருவே பேசியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு குழந்தையின் மீது கத்தி படாமல் தடுப்பதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. ஆனால் கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் அங்குள்ள சோமாலிக் குடும்பங்களிடம் பேசி 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த வழக்கத்தையே வெறுக்கிற பெற்றோர்கூட, ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் தங்களைக் குற்றவாளிபோல நடத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்படி நடத்தினால் அடுத்த முறை காய்ச்சலுக்குக்கூட யார் வருவார்கள்?

அடுத்த வருடம் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். நடத்த வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சோமாலிப் பெண். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கிளினிக்குக்கு வரும் பெண்களுக்குத் துணையாகப் பேசுவதற்காக வேலைக்கு வைக்கப்பட்டவர். உள்ளே வந்ததும் என் தோளைத் தட்டி, "அபாயோ" என்றார். நான் திடுக்கிட்டுவிட்டேன். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரிதானே கேட்கும்! சோமாலி மொழியில் 'அபாயோ' என்றால் சகோதரி. இன்றுவரை அவரை நான் அக்கா என்றும் அவர் என்னை அபாயோ என்றும்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

டீ குடிக்கும் இடைவேளையில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "சரி, அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டாய்?" என்றார். படிவத்தில் இருந்தபடியே சொல்லிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னிடம் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எஃப்.ஜி.எம். என்பது உங்கள் வார்த்தை. எங்கள் பாட்டிக்கும் அம்மாவுக்கும் தெரிந்தது 'குத்னீன்'. 'சிதைப்பு நடந்ததா' என்று கேட்டால், என்னைச் சிதைந்தவள் என்கிறாளே என்று கோபம்தான் வரும்."

அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான். முதலில் கதவைச் சாத்து. கூட வந்தவர்களை டீ குடிக்க அனுப்பு. மொழிபெயர்ப்பாளர் பெண்ணாக இருக்கட்டும், வேறு ஊரில் இருப்பவராக இருக்கட்டும். சோமாலிகள் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம், பேச்சு வெளியே போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு இருக்கும். உங்கள் ஊரிலிருந்து வரும் பலருக்கு இது சின்ன வயதில் நடந்திருக்கிறது, எல்லோரிடமும் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேள். அப்போதும் இல்லை என்றால், 'சிறுநீர் கழிக்க எவ்வளவு நேரம் ஆகிறது?' என்று மட்டும் கேள்.

"அந்த ஒரு கேள்விக்கு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் அபாயோ. பொய் சொல்ல வேண்டும் என்றே தெரியாது. எல்லாப் பெண்களுக்கும் கால் மணி நேரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்."

கடைசியாக என் கன்னத்தைப் பிடித்து ஆட்டி, "இதை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்" என்றார். முகத்தைத்தான் சொன்னார்.

எட்னா அடான் பற்றி அவர் பெருமையாகப் பேசுவார். சோமாலிலாந்தில் பிறந்து, லண்டனில் நர்ஸிங்கும் மிட்வைஃபரியும் படித்துத் திரும்பி, 1970-களிலேயே இந்த வழக்கத்துக்கு எதிராகப் பொதுமேடையில் பேசியவர். தன் சொத்தையெல்லாம் போட்டு, ஹர்கெய்சாவில் 2002-ல் ஒரு ஆஸ்பத்திரியைத் திறந்தவர். "அவரும் உன்னை மாதிரி மிட்வைஃப்தான்" என்பார் அக்கா. என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறாரா, சூடு வைக்கிறாரா என்று தெரியாது.

அன்று வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் என் அத்தை ஞாபகம் வந்தது. நான் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு லீவில் வீட்டுக்கு வந்த அத்தை, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "ஒரு விஷயம் கேக்கட்டா பிள்ளே" என்றார். கர்ப்பப்பை இறங்கிவிட்டது. பதினோரு வருடமாகத் துணியை வைத்துக்கொண்டு வயல் வேலைக்குப் போய் வந்திருக்கிறார். மாமாவுக்குத் தெரியாது, மகள்களுக்குத் தெரியாது. பக்கத்திலேயே அரசு ஆஸ்பத்திரி, காசு வேண்டாம், பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனாலும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, "அங்க போய் என்னன்னு சொல்ல?" என்றார். சொல்ல வார்த்தை இல்லாத நோய்க்கு மருந்து எங்கே கிடைக்கும்? தன் ஊரில், தன் மொழியில் அத்தைக்கே பதினோரு வருடம் ஆயிற்று. அந்நிய தேசத்தில் இருபத்துநாலு வயதுப் பெண் என்ன செய்வாள்?

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து, வேறு நாடுகளில் பிறந்து இங்கே குடியேறியவர்களில் இதற்கு ஆளான பெண்கள் சுமார் 1,37,000 பேர் என்று 2015-ல் ஒரு மதிப்பீடு வந்தது. இவர்களில் எங்கள் கண்ணில் படுபவர்கள் பெரும்பாலும் கர்ப்பிணிகள் மட்டும்தான். கல்யாணமாகாத பெண், குழந்தையில்லாத பெண், மாதவிடாய் நின்றுபோன பெண் எங்கே போவது? ஒரு காலேஜ் மாணவி, மாதவிடாய் வலிக்கு மூன்று வருடம் வெறும் பாராசிட்டமால் வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்னார். டாக்டர் ஒருமுறைகூட ஏன் இவ்வளவு வலி என்று கேட்கவில்லையாம். இன்னொருவர், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஸ்மியர் பரிசோதனைக்குப் போய், நர்ஸால் கருவியை வைக்க முடியாமல், 'ரிலாக்ஸ் பண்ணுங்க' என்று மூன்று முறை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதோடு அவர் பரிசோதனைப் பக்கமே போகவில்லை.

2019-ல் கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கென்றே என்.எச்.எஸ். எட்டு கிளினிக்குகளை அறிவித்தது. ஐந்து லண்டனில், மற்றவை பர்மிங்ஹாம், பிரிஸ்டல், லீட்ஸ் நகரங்களில். டாக்டர் கடிதம் தேவையில்லை, நேராகப் போன் செய்துவிட்டு வரலாம். மருத்துவத்தோடு மனநல ஆலோசனையும் உண்டு, அக்காவைப் போன்ற துணையும் உண்டு. இதுபோன்ற ஒரு கிளினிக்கில் வாரத்தில் ஒருநாள் வேலை செய்ய நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இங்கே இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். விசா இல்லாத பெண்கள். ஆஸ்பத்திரி பில் அனுப்பும், பில் கட்டாவிட்டால் குடியுரிமைத் துறைக்குத் தகவல் போகும் என்ற பயத்தில் ஏழு மாதம் வரை யாரிடமும் காட்டாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. வெளிநாட்டவருக்குப் பிரசவச் செலவை நிஜமாகவே வசூலிக்கிறார்கள், அதுவும் ஒன்றரை மடங்கு. ஆனால் இந்தச் சிதைப்பால் வந்த பாதிப்புக்கான சிகிச்சைக்கு மட்டும் எந்த விசாவும் இல்லாவிட்டாலும் கட்டணம் கிடையாது. அதற்காகவே இங்கே பயணம் செய்து வந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். குடும்ப டாக்டரிடம் பதிவு செய்யவும் பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. விதி இப்படி இருக்கிறது. ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவர், "பாஸ்போர்ட், கரன்ட் பில் இரண்டும் எடுத்துட்டு வாங்க" என்கிறார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனால் திரும்பி வருவதே இல்லை.

கிளினிக்கில் நாங்கள் மாற்றியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். கத்தரியையும் மற்ற கருவிகளையும் ஸ்டீல் தட்டில் வைக்கும்போது எழும் சத்தம், சிலரை அப்படியே ஆறு வயதுக்குக் கொண்டுபோய்விடும். உடம்பு வெடவெடவென நடுங்கும். அதனால் தட்டில் துணி விரித்து, பெண் உள்ளே வரும் முன்பே எல்லாவற்றையும் எடுத்து மூடி வைத்துவிடுவோம். கடிதத்தின் வெளியில் கிளினிக் பெயர் இருக்காது. மாணவர்களைச் சூழ்ந்து நின்று பார்க்க விடமாட்டோம். ஊசி போட்டால் போதும் என்றாலும், நினைவோடு இருக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு மயக்க மருந்துக்கு ஏற்பாடு செய்வோம். ஏலக்காயும் பட்டையும் தட்டிப்போட்டு அக்கா போடும் பால் டீக்கு மாற்று கிடையாது. நம்மூர் மசாலா டீயேதான், சர்க்கரை மட்டும் இரண்டு மடங்கு.

2021-ல் ஒருநாள் அறைக்கதவைத் திறந்து இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். மூத்தவரைப் பார்த்ததும் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போன அதே பெண். இப்போது ஆங்கிலம் பேசினார். கூட வந்திருந்தது அவர் தங்கை, 23 வயது. லண்டனுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது.

ஐந்து வருடமாக மனதில் ஒத்திகை பார்த்த மன்னிப்பை அப்படியே சொன்னேன். அன்று என் முகம் போன போக்குக்காக, நாத்தனாரை வைத்துக் கேட்டதற்காக. அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "நீ கெட்டவள் இல்லை என்று அப்போதே தெரியும். ஆனால் என்னை ஒரு பிசாசைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். என் உடம்பில் ஏதோ தப்பு என்று எனக்கு முதல்முதலாகத் தெரிந்ததே உன் முகத்தைப் பார்த்துத்தான்" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? ஒன்றும் சொல்லவில்லை.

"பின்னே ஏன் இங்கேயே வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

"அக்கா சொன்னார், அந்த இந்தியப் பெண் முகத்தை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று. பார்க்கலாம் என்று வந்தேன்" என்றார். தங்கையிடம் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

மூன்று முறை வெறும் பேச்சு மட்டும்தான். திறந்தால் எப்படி இருக்கும் என்று படம் வரைந்து காட்டினோம். அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று அக்காவும் தங்கையும் எங்கள் எதிரிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். நான்காவது முறை சிகிச்சை. பெண் டாக்டர், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முழு நேரமும் அந்தப் பெண்ணின் இடது கை அக்காவின் கையிலும் வலது கை என் கையிலும் இருந்தது. நகம் பதிந்த தழும்பு இரண்டு நாள் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து டாய்லெட்டுக்குப் போனாள். எரியும், மேலே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொள் என்று சொல்லி அனுப்பினோம். நானும் அவள் அக்காவும் வெளியே நின்றோம். 2016-ல் நான் டப்பாவுக்காகக் காத்து நின்றதும் இதேபோல ஒரு கதவுக்கு வெளியேதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்துகொண்டு பதறி அடித்து வந்து, அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சத்தம் வருகிறதாம். பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும், மானம் போச்சு என்கிறாள். இப்படித்தான் வருமா என்று கேட்கிறாள்."

"இப்படித்தான் வரும்" என்றேன்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன். "இன்னைக்கு எத்தனை பிள்ளை மக்ளே?" என்றார். இன்னைக்குப் பிள்ளை இல்லம்மா, வேற ஒரு கதை என்று சொல்லி, முதல் செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. இதெல்லாம் ஆப்பிரிக்காவில்தானா என்று கேட்டார். நம் நாட்டிலும் தாவூதி போரா சமூகத்தில் வேறு வகையில் இருக்கிறது, தடை கேட்டு 2017-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிருக்கிறார்கள் என்றேன்.

"அந்தப் பெரியவளுக்குப் பொறந்துச்சே, ஒரு பொம்பளப் பிள்ளை. அது எப்படி இருக்கு?" என்றார்.

"அஞ்சு வயசாச்சும்மா. ஸ்கூலுக்குப் போறா. அவளுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாதுன்னு அவங்கம்மா ஊருக்கே போன் போட்டுச் சொல்லிட்டாங்களாம்."

"மாமியார்கிட்டேயுமா?"

"மாமியார்கிட்டதான் முதல்ல."